6,514 ஜன்னல்களும் வாங்காத சில்லர்களும்

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஏசிக்கான குளிர்நீரைத் தரும் சில்லர்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியவை வைக்க 2.24 கோடி டாலர் செலவாகும் என்பது முதலில் போட்ட கணக்கு. கடைசியில் செலவானது சுமார் 51 லட்சம் டாலர்தான். பழைய இயந்திரங்களையே சீரமைத்து ஓட்டினால் போதும் என்று காட்டிக்கொடுத்தது, கணினிக்குள் கட்டப்பட்ட இன்னொரு எம்பயர் ஸ்டேட்.

1931-ல் திறக்கப்பட்ட இந்த 102 மாடிக் கட்டடத்தைப் பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கும் வேலை 2000-களின் பிற்பகுதியில் தொடங்கியிருந்தது. எப்படியும் செலவழிக்கத்தான் போகிறோம், அதை மின்சாரமும் நீராவியும் மிச்சமாகும் வழியில் செய்தால் என்ன என்று உரிமையாளர் தரப்பில் ஆந்தனி மால்கின் முன்வந்தார். கிளின்டன் பருவநிலை முன்முயற்சி, ராக்கி மவுண்டன் இன்ஸ்டிடியூட், ஜான்சன் கன்ட்ரோல்ஸ், ஜோன்ஸ் லாங் லசால் ஆகியவை கைகோத்தன. 38 சதவீத ஆற்றல் சேமிப்பு இலக்குடன் 2009 ஏப்ரலில் திட்டம் அறிவிக்கப்பட்டது.

அறிவிப்புக்கு முன்பே, கட்டடத்தின் ஆற்றல் தேவையைக் கணக்கிடும் ஈக்வெஸ்ட் என்ற மென்பொருளில் நீண்ட வேலை நடந்திருந்தது.

இத்தகைய மென்பொருளுக்குக் கட்டடத்தைப் பற்றி எல்லாம் சொல்லியாக வேண்டும். எந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது, கண்ணாடி எவ்வளவு வெயிலை உள்ளே விடுகிறது, விளக்குகள் எத்தனை வாட், ஊழியர்கள் எப்போது வந்து எப்போது போகிறார்கள், ஏசி எந்த வெப்பநிலையில் ஓடுகிறது என்று பட்டியல் நீளும். அந்த ஊரின் வானிலைத் தரவையும் சேர்த்து, ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் மணிக்கு மணி எவ்வளவு ஆற்றல் தேவை என்று அது கணக்கிடும். கணக்கு உண்மையான மாதாந்திர பில்களோடு ஒத்துப்போகும்வரை இந்தக் கணினி மாதிரியைத் திருத்துவார்கள். இதில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

எம்பயர் ஸ்டேட்டில் 60-க்கும் மேற்பட்ட யோசனைகள் பரிசீலிக்கப்பட்டு, எட்டுத் திட்டங்களாகச் சுருக்கப்பட்டன. தேர்வின் சூட்சுமம் ஜன்னல்களில் இருந்தது. அவை மொத்தம் 6,514. அவற்றை மேம்படுத்த 45 லட்சம் டாலர் ஆகும். நேரடியாக மிச்சமாவதோ ஆண்டுக்குச் சுமார் 4.1 லட்சம் டாலர். போட்ட பணம் திரும்பச் சுமார் பதினோரு ஆண்டுகள் ஆகும் என்று பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவு கோப்பை அங்கேயே மூடியிருக்கும். ஆனால், மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. நல்ல கண்ணாடி, வெப்பம் குறைவாக உமிழும் விளக்குகள், ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வெளிக்காற்றை அளந்து விடும் கட்டுப்பாடு இவையெல்லாம் கூடினால், குளிரூட்டும் தேவையே மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1,600 டன் (ஏசியின் குளிரூட்டும் திறனை அளக்கும் அலகு), குறைந்துவிடும். அவ்வளவு குறைந்த பிறகு புதிய சில்லர்கள் எதற்கு? அதில் மிச்சமான 1.7 கோடி டாலரே மற்ற வேலைகளுக்குக் கைகொடுத்தது.

ஜன்னல்களையும் தூக்கி எறியவில்லை. கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை அமைத்து, பழைய கண்ணாடிகளில் 96 சதவீதத்தை மீண்டும் பயன்படுத்தினார்கள். இரு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய படலத்தைப் பொருத்தி வாயுவை நிரப்பியதில், வெப்பத்தைத் தடுக்கும் திறன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது.

ஆற்றல் சேமிப்புக்கென்று கூடுதலாகச் செலவானது 1.32 கோடி டாலர். எல்லாம் முடிந்ததும் கிடைக்கும் ஆண்டுச் சேமிப்பு 44 லட்சம் டாலர் என்பது மதிப்பீடு. மூன்றே ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும்.

கணிப்பு பலித்ததா? வாடகைதாரர்களின் தளங்கள் எல்லாவற்றிலும் வேலை முடியாத நிலையிலேயே, முதலாண்டில் 24 லட்சம் டாலர் மிச்சமானது. உத்தரவாதம் தந்த அளவைவிட இது 5 சதவீதம் அதிகம். மூன்றாண்டுகளில் மொத்தம் சுமார் 75 லட்சம் டாலர்.

இன்று நியூயார்க்கில் இப்படி ஆற்றலை மிச்சப்படுத்துவது உரிமையாளரின் விருப்பத்தை மட்டும் பொறுத்த விஷயமாக இல்லை. நியூயார்க் 2019-ல் இயற்றிய உள்ளூர்ச் சட்டம் 97, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் கார்பன் வெளியேற்றத்துக்கு 2024 முதல் வரம்பு விதிக்கிறது. மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 2030-ல் வரம்பு இன்னும் இறுகும்.

ஈக்வெஸ்ட், அமெரிக்க எரிசக்தித் துறையின் எனர்ஜிபிளஸ் ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய வணிகக் கட்டடத்தை வைத்திருப்பவர்கள், புதிய சில்லருக்கான கொட்டேஷனில் கையெழுத்திடும் முன் ஒன்று செய்யலாம். கடந்த 12 மாத மின் கட்டண பில்களை ஒரு நல்ல பொறியாளரிடம் கொடுத்து, வெயிலையும் விளக்கின் சூட்டையும் குறைத்தால் உண்மையில் எத்தனை டன் தேவைப்படும் என்று முதலில் கணக்குப் போடச் சொல்லுங்கள்.