போதை தெளிந்த பிறகு போகும் பார்வை

கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராய விற்பனைக்குத் தடை வந்தது. ஓராண்டுகூட ஆகவில்லை, 2008 மே மாதம் பெங்களூரு, ஆனேக்கல், கோலார் பக்கமும், எல்லைக்கு இந்தப் புறம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச்சாராயம் குடித்து 150 பேருக்கு மேல் இறந்தார்கள். பாக்கெட் சாராயம் போன இடத்தில் மெத்தனால் வந்து உட்கார்ந்துகொண்டது. பெங்களூருக்கு இது முதல் தடவையும் அல்ல. 1981-இல் 300-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த ஊர் அது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது தலைப்புச் செய்தியாகிறது. பிழைத்தும் பார்வை இழந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பெயின்ட், வார்னிஷ் தொழிலில் கரைப்பானாகப் புழங்கும் மெத்தனாலை, குடிக்கிறவரால் நாக்கிலோ மூக்கிலோ கண்டுபிடிக்க முடியாது. போதையும் ஏறும். பார்வையைப் பறிக்கும் பொருள் பிறகுதான், கல்லீரலில் உருவாகிறது. அங்குள்ள நொதிகள் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றி, அதிலிருந்து ஃபார்மிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. சில எறும்புகளின் விஷத்தில் இருக்கும் அதே அமிலம். செல்லுக்குள் ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அது முடக்கிவிடுகிறது. ஓயாமல் ஆற்றல் கேட்கும் விழித்திரையும் பார்வை நரம்பும்தான் முதலில் திணறுகின்றன. நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் அடி பலமாக விழுகிறது. நரம்பு வீங்குகிறது, அதன் மேலுள்ள மையலின் உறை சிதைகிறது.

இதற்கெல்லாம் 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். சாதாரண மதுவும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். வாந்தி, வயிற்றுவலி, தலைவலி எல்லாம் ‘நேற்றுக் குடித்தது’ என்று தள்ளிப்போகும். பிறகு கண்முன்னே வெண்பனி மூடினாற்போல் மங்கும். கண்பாவை விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காது. சில வாரங்களில் நரம்பின் முகப்பு வெளுத்துவிட்டால் கண்ணாடியோ அறுவை சிகிச்சையோ உதவாது.

மருத்துவமனையில் ஃபோமெபிசோல் கொடுத்து, அமிலத்தை உண்டாக்கும் நொதியைத் தடுக்கிறார்கள். அது கிடைக்காத இடத்தில் அளந்து செலுத்தும் எத்தனாலும் அதே வேலையைச் செய்யும். (இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் குவார்ட்டர் உடைக்க வேண்டாம்.) ரத்தத்தில் ஏறிய அமிலத்தன்மையைக் குறைக்க சோடியம் பைகார்பனேட், விஷத்தை வெளியேற்ற டயாலிசிஸ். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் விஷச்சாராயத்தால் உயிர்களோடு கண்களும் பறிபோயின. ஒரே இடத்தில் வாங்கிக் குடித்தவர்களில் ஒருவருக்குக் கண் மங்கினால், ஒன்றும் ஆகாதவர்களும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர்கள் உடம்பில் இருப்பது இன்னும் அமிலமாகாத மெத்தனாலாக இருக்கலாம்; அந்த நிலையில் அதை வெளியே எடுத்துவிட முடியும்.