முழவும் மின்பொறியும்

முழவு முழக்குவோனுக்குக் கரம் இரண்டும் இன்றியமையாதவை என்பது யாவரும் அறிந்ததே. அவற்றுள் ஒன்றை இழந்தவன் தன் கலையையும் இழத்தல் வேண்டுமோ? இவ்வினாவுக்கு விஞ்ஞானமும் விடாமுயற்சியும் ஒருங்கே அளித்த விடையொன்றை இங்கு நோக்குவாம்.

இங்கிலாந்திலே, ஷெபீல்ட் நகரத்து ‘டெவ் லெப்பாட்’ என்னும் இசைக்குழுவில் றிக் அலன் என்பவர் தமது பதினைந்தாம் வயது முதல் முழவு முழக்கி வந்தார். 1984ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி நேர்ந்த மோட்டார் விபத்தில் அவர் தம் இடக்கரத்தை இழந்தார். அப்போது அவருக்கு வயது 21. வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தவாறே அவர் காலினால் தாளமிட்டுப் பார்த்தார். கை செய்த வேலையைக் காலுஞ் செய்யும் எனக் கண்டார்.

ஆயினும், தோல் முழவிலே அடி விழும் இடத்திலேயே ஓசை பிறக்கும். அவ்விரண்டையும் வேறுபடுத்த வல்லது இலத்திரனியல் முழவு. சில பளிங்குகளை அமுக்கினால் மின் தோன்றும் என்பதை 1880இல் பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். அவ்வியல்புடைய சிறு தகட்டை முழவின் தோலிலோ இறப்பர்த் தட்டிலோ மிதியிலோ பொருத்தின், ஒவ்வோர் அடியும் ஒரு மின்துடிப்பாகும். அடி வலிதாயின் துடிப்பும் வலிதாகும். அத்துடிப்பைப் பெறும் பொறி அதற்கேற்ற ஓசையை ஒலிபெருக்கி வழியே எழுப்பும்.

இம்முறையில், அலனின் இடக்காலின்கீழ் அமைந்த மிதிகள், முன்னர் இடக்கை எழுப்பிய ஓசைகளை எழுப்பின. வலக்கை வழமைபோற் கோல் பிடித்தது. விபத்து நிகழ்ந்து ஏறத்தாழ 20 மாதங்களின் பின், 1986 ஓகஸ்ற் மாதத்தில், டொனிங்ரன் பெருவிழா மேடையில் அவர் மீண்டுந் தோன்றினார். அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘ஹிஸ்ரீரியா’ என்னும் இசைத்தட்டிலும் அவர் முழக்கமே ஒலிக்கின்றது.

இன்று கரம் இரண்டும் உடையோருட் பலரும் தோல் முழவையும் மின்பொறியையும் அருகருகே வைத்து முழக்குகின்றனர். தோலிற் பிறக்கும் நுண்ணிய ஓசை வேறுபாடுகளை முன்னது தரும். தோலிற் பிறவாத புத்தோசைகளைப் பின்னது தரும். ஒன்று மற்றதற்குத் துணையேயன்றிப் பகையன்று.

மாணவர்கள் இங்கு உளங்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. பொறி ஓசையை மட்டுமே அளித்தது. அடி எக்கணத்தில் விழல் வேண்டும் என்பதை அது அறியாது. அதனைக் காலுக்குக் கற்பித்தது அம்மனிதரின் அயராப் பயிற்சியே.