குற்றத்தை எழுதுவோரின் கடமை

நடந்த கொலையை எழுதுபவருக்குக் கற்பனை எவ்வளவு அனுமதிக்கப்படும்? 1959-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் நால்வர் கொல்லப்பட்டனர். அதை ட்ரூமன் கபோட் 'இன் கோல்ட் பிளட்' என்ற நூலாக்கினார். கொலையாளிகள் இருவரும் 1965-இல் தூக்கிலிடப்பட்ட பிறகே நூல் முடிவு பெற்றது. அனைத்தும் உண்மை என்றார் அவர். ஆனால் இறுதியில் துப்பறியும் அதிகாரி கல்லறையில் ஒரு பெண்ணைச் சந்திக்கும் காட்சி நடக்கவே இல்லை. நாவலாசிரியருக்கு அது உரிமை. உண்மை என்று சத்தியம் செய்தவருக்கு அது பிழை.

உண்மையை எழுதுவதற்கும் எல்லை உண்டு. தமிழகத்தில் கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவதைத் தடுக்கச் சிறைத்துறை முயன்றது. முன்கூட்டியே தடுக்க முடியாது என 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதியின்றி எழுதலாம். அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமை குறுக்கிடும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரோ ஆவணத்தில் இருந்தாலும் வெளியாகக் கூடாது.

பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தெருவையும் தொழிலையும் அப்படியே விட்டால் ஊர் அடையாளம் கண்டுவிடும். புனைகதை எழுதுவோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இன்று இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.