பிடி பருத்தால் குறி பலிக்குமா?

நுழையும்முன்

விளையாட்டுக் களத்தில் புதிய கருவி ஒன்று அறிமுகமாகும்போதெல்லாம், அது வெற்றியைத் தேடித்தரும் என்னும் விளம்பரமும் உடன் வருகிறது. அக்கூற்றை அப்படியே ஏற்பதா? ஆராய்ந்து ஏற்பதா? குழிப்பந்தாட்ட மட்டை ஒன்றின் கைப்பிடியைச் சான்றாகக் கொண்டு, ஒரு கூற்றை எடைபோடும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் அடியின் விலை

2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு 7 ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் குழிப்பந்தாட்டத்தின் இறுதிச் சுற்று நடைபெற்றது. நான்கு நாள்களில் எழுபத்திரண்டு குழிகளை ஆடி முடித்த இந்திய வீராங்கனை அதிதி அசோக் நான்காம் இடம் பெற்றார். வெண்கலப் பதக்கம் வென்ற நியூசிலாந்தின் லிடியா கோவுக்கும் அவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரே ஓர் அடி. கடைசிக் குழியில் அவர் நெடுந்தொலைவிலிருந்து உருட்டிய பந்து முதல் முயற்சியில் குழிக்குள் விழவில்லை. நான்கு நாள் உழைப்பின் பயனை ஓர் அடி முடிவுசெய்துவிடும் விளையாட்டு இது.

கோல்ஃப் என உலகெங்கும் அழைக்கப்படும் குழிப்பந்தாட்டத்தில் ஒரு சுற்றுக்குப் பதினெட்டுக் குழிகள் உண்டு. மிகக் குறைந்த அடிகளில் பந்தை எல்லாக் குழிகளிலும் சேர்ப்பவரே வெற்றியாளர். தொலைவிலிருந்து பந்தை உயரத் தூக்கி அடிப்பதற்குப் பல மட்டைகள் உள்ளன. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை அடைந்ததும் அம்மட்டைகளுக்கு வேலையில்லை. அங்கே பந்தை நிலத்தோடு நிலமாக உருட்டிவிட வேண்டும். அதற்கென உள்ள மட்டையைப் 'பட்டர்' என்பர். இப்பாடத்தில் அதனை உருட்டுமட்டை என்றே வழங்குவோம்.

ஒரு சுற்றுக்கு வகுக்கப்பட்ட அடிகள் பெரும்பாலும் 72. அவற்றுள் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் உருட்டுமட்டைக்கென ஒதுக்கப்பட்டவை. கைதேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் சராசரியாக 29 அளவில் அவற்றை முடித்துவிடுகின்றனர். எனினும் அவர்களுக்கும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தொலைவிலிருந்து உருட்டும் பந்துகளில் பாதிதான் முதல் முயற்சியில் விழுகிறது. ஆகவே, உருட்டுமட்டையை மேம்படுத்தும் எந்த வழியையும் ஆட்டக்காரர்கள் ஆவலோடு நாடுவதில் வியப்பில்லை. அவ்வழிகளுள் ஒன்றே பருத்த பிடி.

குழியும் கோணமும்

குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் 4.27 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. இவ்விரண்டையும் ஒப்பிடும்போது குழி அகன்றதாகவே தோன்றும். ஆனால் தொலைவு கூடக்கூட நிலைமை மாறுகிறது.

சமதளத்தில் மூன்று மீட்டர் தொலைவில் குழி இருப்பதாகக் கொள்வோம். பந்து புறப்படும் திசை ஒரு பாகை மட்டும் விலகினால், குழியை அடையும்போது அது நடுவிலிருந்து 5.2 சென்டிமீட்டர் தள்ளிச் செல்லும். குழியின் ஆரம் 5.4 சென்டிமீட்டர். அதாவது, ஒரு பாகை விலகலே பந்தைக் குழியின் விளிம்புக்குத் தள்ளிவிடுகிறது. ஆறு மீட்டர் தொலைவில் அதே விலகல் 10.5 சென்டிமீட்டர் ஆகிறது. பந்து குழியைத் தொடாமலே கடந்துபோகும்.

பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் நொடியில் மட்டையின் முகம் நோக்கும் திசையே. மட்டை வீசப்படும் பாதைக்கு அதில் சிறு பங்குதான் உண்டு. எனவே, உருட்டுவோர் எதிர்கொள்ளும் முதல் சிக்கல், மட்டை முகத்தை ஒரு பாகைகூடத் திருகவிடாமல் காப்பதாகும். அடிக்கும் நொடியில் மணிக்கட்டு மடங்கினாலோ விரல்கள் பிடியைச் சற்றுத் திருகினாலோ மட்டை முகமும் திரும்பிவிடும்.

பருத்த பிடியின் தோற்றம்

மரபுவழி உருட்டுமட்டையின் பிடி ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் விட்டமுடையது. பெரும்பாலும் மேற்புறம் தடித்து, கீழ்நோக்கிச் செல்லச் செல்ல மெலியும். பருத்த பிடிகளோ 3.3 சென்டிமீட்டர் முதல் 4 சென்டிமீட்டருக்கும் மேலான தடிமன் வரை பல அளவுகளில் கிடைக்கின்றன. அவற்றுள் பல, மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன் உடையவை.

இத்தகைய பிடிகள் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் போட்டிக் களங்களில் பரவலாகக் காணப்பட்டன. தென்கொரியாவின் கே.ஜே. சோய் 2011 இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டியை வென்றபோது அவருடைய மட்டையில் பருத்த பிடி இருந்தது. 2015 இல் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன் ஆகிய இரு பெரும் போட்டிகளையும் வென்ற ஜோர்டன் ஸ்பீத்தும் வழக்கத்தைவிடப் பருத்த பிடியையே பயன்படுத்தினார். தொலைக்காட்சியில் அவ்வெற்றிகளைக் கண்டவர்கள் கடைகளில் அப்பிடிகளைத் தேடினர்.

தெரிந்து தெளிவோம்

குழிப்பந்தாட்டக் கருவிகளுக்கான விதிகளை ஐக்கிய அமெரிக்கக் குழிப்பந்துச் சங்கமும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இயங்கும் ஆர் அண்டு ஏ அமைப்பும் இணைந்து வகுக்கின்றன. மற்ற மட்டைகளின் பிடி வட்ட வடிவில் இருத்தல் வேண்டும். உருட்டுமட்டைக்கு மட்டும் தட்டையான முன்புறம் கொண்ட பிடி அனுமதிக்கப்படுகிறது. ஆயினும் பிடியின் குறுக்களவு எத்திசையிலும் 44.45 மில்லிமீட்டருக்கு மிகுதல் கூடாது. மட்டையின் பிடியை உடலோடு ஊன்றி வைத்து அடிக்கும் முறை 2016 ஆம் ஆண்டு சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது.

பருமன் செய்யும் நன்மை

மெல்லிய பிடியை விரல்கள் முழுவதுமாகச் சுற்றிப் பற்றுகின்றன. அதனால் விரல்களும் மணிக்கட்டும் எளிதில் இயங்குகின்றன. பருத்த பிடியை அவ்வாறு சுற்ற இயலாது. அது உள்ளங்கைகளில் தங்குகிறது. அப்போது மணிக்கட்டின் அசைவு குறைந்து, தோள்களும் கைகளும் சேர்ந்து ஊசல்போல் ஆடத் தொடங்குகின்றன. கிரிக்கெட் மட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு பிடியுறைகளை மாட்டியவர்கள் இம்மாற்றத்தை உணர்ந்திருப்பர்.

இதனைக் கணக்காலும் காணலாம். வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் கோணம் கிடைக்கும் என்பதை நாம் கணிதத்தில் கற்றுள்ளோம். விரல்கள் பிடியின் பரப்பை ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவதாகக் கொள்வோம். 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிடி அதனால் ஏறத்தாழ 4.6 பாகை திரும்பும். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிடியோ 2.9 பாகைதான் திரும்பும். விரல் செய்யும் அதே பிழை, பருத்த பிடியில் சிறிய பிழையாகிறது.

சிலருக்கு இவ்வுதவி பெரிதும் தேவைப்படுகிறது. பந்தைத் தொடும் தறுவாயில் கை தானாகவே துடிக்கும் 'யிப்ஸ்' என்னும் குறைபாடு தேர்ந்த ஆட்டக்காரர்களையும் வாட்டுவதுண்டு. ஜெர்மனியின் பெர்ன்ஹார்டு லாங்கர் இக்குறைபாட்டால் பலமுறை துன்புற்றார். மட்டையைப் பற்றும் முறையை மாற்றி மாற்றி அமைத்து அதிலிருந்து மீண்டார். 1985, 1993 ஆகிய ஆண்டுகளில் மாஸ்டர்ஸ் பட்டமும் வென்றார். கையின் பழகிய அசைவைக் குலைத்துப் புதிய பழக்கத்தை ஏற்படுத்துவது சிலருக்கு விடுதலை தரும் என்பதற்கு அவர் சான்று. பிடியின் பருமனை மாற்றுவதும் அத்தகைய மாற்றங்களுள் ஒன்றாகும்.

பருமன் கேட்கும் விலை

இதுவரை கூறியவற்றை மட்டும் நோக்கினால் பருத்த பிடியே சிறந்தது எனத் தோன்றும். ஆனால் மறுபக்கமும் உண்டு.

முதலாவது, திருப்புவிசை. பருத்த பிடியுள்ள திருப்புளியால் திருகாணியை எளிதில் முடுக்கலாம். ஆரம் கூடும்போது அதே விசை மிகுதியான திருப்புவிசையைத் தருவதே அதற்குக் காரணம். உருட்டுமட்டைக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே, விரல் நகரும் தொலைவைக் கொண்டு பார்த்தால் பருத்த பிடி குறைவாகத் திரும்பும். விரல் தரும் விசையைக் கொண்டு பார்த்தால் எளிதாகத் திரும்பும். இரண்டுள் எது மேலோங்கும் என்பது ஆட்டக்காரரின் கையைப் பொறுத்தது. ஏட்டுக் கணக்கு மட்டுமே இதற்கு முடிவு கூறிவிடாது.

இரண்டாவது, தொடு உணர்வு. உருட்டுவதில் திசையோடு வேகமும் இன்றியமையாதது. பந்து குழிக்கு அருகில் சென்று நிற்க வேண்டுமாயின் எவ்வளவு மெல்லத் தட்ட வேண்டும் என்பதைக் கை உணர்ந்தறிய வேண்டும். தொடு உணர்வு நரம்பு முனைகள் விரல் நுனிகளில் நெருக்கமாக உள்ளன; உள்ளங்கையில் அத்துணை நெருக்கம் இல்லை. பிடி விரல்களை விட்டு உள்ளங்கைக்கு இடம்பெயரும்போது அவ்வுணர்வு மழுங்கக்கூடும். அதனால், குறுந்தொலைவில் நேராக உருட்டும் ஒருவர் நெடுந்தொலைவில் வேகம் தவறி, மூன்றாம் அடிக்கு ஆளாகலாம்.

மூன்றாவது, எடை. பிடி கனத்தால் மட்டையின் எடை கைப்பக்கம் நகர்கிறது. மட்டையின் தலை இலேசானதுபோல் தோன்றுகிறது. இது சிலருக்கு உகக்கும். சிலருக்கு வீச்சின் சீரைக் கெடுக்கும்.

வெற்றியாளர் கையில் இருப்பது

பதினைந்து பெரும் பட்டங்களை வென்ற டைகர் வுட்ஸ் தம் உருட்டுமட்டையில் நெடுங்காலம் மெல்லிய மரபுவழிப் பிடியையே வைத்திருந்தார். ஸ்பீத்தைக் கண்டு பருத்த பிடி சிறந்தது என முடிவு செய்பவர், வுட்ஸைக் கண்டு மெல்லிய பிடி சிறந்தது என்றும் முடிவு செய்ய வேண்டியிருக்கும். வெற்றியாளரின் கையில் ஒரு பொருள் இருந்தது என்பது ஓர் உண்மை. அப்பொருளால்தான் அவர் வென்றார் என்பது வேறொரு கூற்று. இரண்டாவதற்குத் தனியே சான்று வேண்டும். அதே பிடியை வைத்திருந்தும் தோற்றவர்களைத் தொலைக்காட்சி நமக்குக் காட்டுவதில்லை.

சொந்தப் பட்டறிவும் நம்மை ஏமாற்றலாம். ஒருவர் புதிய பிடியை எப்போது வாங்குகிறார்? பெரும்பாலும் தம் ஆட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில்தான். மிகத் தாழ்ந்த ஆட்டம், எந்த மாற்றமும் செய்யாவிடினும் சில நாள்களில் தன் இயல்பான நிலைக்கு ஏறவே செய்யும். அந்த ஏற்றத்தின் புகழைப் புதிய பிடி பெற்றுக்கொள்கிறது. தானே தணியவிருந்த காய்ச்சலுக்கு, கடைசியாக உண்ட மருந்து பெயர் வாங்குவதைப் போன்றது இது.

சோதித்து அறிதல்

அவ்வாறாயின் உண்மையை அறிவது எங்ஙனம்? ஒரே வகையான இரு மட்டைகளில் ஒன்றில் மெல்லிய பிடியும் மற்றொன்றில் பருத்த பிடியும் பொருத்த வேண்டும். பிடிகளின் எடை இயன்றவரை ஒத்திருத்தல் நன்று. இல்லையேல், மாற்றம் பருமனால் வந்ததா எடையால் வந்ததா எனப் பிரித்தறிய இயலாது. ஒன்றரை, மூன்று, ஒன்பது மீட்டர் எனப் பல தொலைவுகளிலிருந்து மட்டைகளை மாற்றி மாற்றி உருட்ட வேண்டும். குறுந்தொலைவில் விழுந்த பந்துகளையும், நெடுந்தொலைவில் பந்து நின்ற இடத்திற்கும் குழிக்கும் உள்ள இடைவெளியையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இருபது பந்துகள் மட்டும் உருட்டினால் போதுமா? ஒரு நாணயத்தை இருபது முறை சுண்டினால் பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தலைகள் விழுவது, ஏறத்தாழ நான்கு முறைக்கு ஒருமுறை தற்செயலாகவே நிகழும். ஆகவே, ஒன்றில் பத்தும் மற்றொன்றில் பன்னிரண்டும் விழுந்தால் அவ்வேறுபாடு எதையும் மெய்ப்பிக்காது. பல நாள்கள், பல நூறு பந்துகள் என உருட்டிய பின்னரும் வேறுபாடு நிலைத்து நின்றால்தான் அதனை நம்பலாம்.

பருத்த பிடி யாருக்கு உதவும் என்னும் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். மணிக்கட்டின் மிகை அசைவால் குறுந்தொலைவில் திசை தவறுபவருக்கு அது துணைபுரியக்கூடும். திசை சரியாக இருந்து வேகத்தில் தவறுபவருக்கு அதனால் பயன் குறைவு, தீங்கும் நேரலாம். புல்தரையின் சரிவைத் தவறாகக் கணிப்பவருக்கு எந்தப் பிடியும் உதவாது. தம் பிழை எங்கே நிகழ்கிறது என்பதை முதலில் அறிந்தவரே தமக்குரிய பிடியைத் தேர்ந்தெடுக்க முடியும். மதிப்பெண்ணை உயர்த்தும் என விற்கப்படும் கையேடு, நினைவாற்றலை வளர்க்கும் எனக் கூறப்படும் பானம் என நாள்தோறும் நம்மை நாடி வரும் கூற்றுகளையும் இம்முறையிலேயே சோதித்துப் பார்த்தல் தகும்.

கற்பவை கற்றபின்...

1. மெல்லிய எழுதுகோல், பருத்த எழுதுகோல் ஆகியவற்றால் ஒரே பத்தியைப் பலமுறை எழுதி, வேகத்தையும் கையெழுத்தின் தெளிவையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

2. 'வெற்றியாளர் பயன்படுத்தியது என்பதே ஒரு பொருளின் தரத்திற்குப் போதிய சான்று' என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. நீங்கள் கண்ட விளம்பரம் ஒன்றின் கூற்றைத் தேர்ந்தெடுத்து, அதனைச் சோதிப்பதற்கான வழிமுறையைப் பத்து வரிகளில் எழுதுக.