மன்னாருக்கு மேலே போகும் கோடு

கட்டுநாயக்க விமான நிலையத்தையும் சென்னை விமான நிலையத்தையும் வரைபடத்தில் அடிமட்டம் வைத்து இணைத்துப் பாருங்கள். கோடு திருக்கேதீச்சரத்தை உரசிக்கொண்டு போகும். அதற்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் தலைமன்னார். இந்த வழியே வடக்கே பறப்பவருக்கு, வானம் தெளிந்திருந்தால், இடப்பக்கச் சன்னலில் மன்னார்த் தீவின் முனையும் தனுஷ்கோடி வரை சிதறிக் கிடக்கும் மணல்திட்டுகளும் தெரியும்.

கோடு ஏறக்குறைய நேர் வடக்கே போவதால், அதன் நீளத்தை அறியக் கழித்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். நிலநடுக்கோட்டிலிருந்து ஓர் இடம் எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்பதே அகலாங்கு. ஒரு பாகையில் 60 கலைகள். கட்டுநாயக்க 7 பாகை 11 கலை. சென்னை 12 பாகை 59 கலை. வித்தியாசம் 348 கலை. வடக்கு நோக்கி ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். பெருக்கினால் சுமார் 645 கிலோமீட்டர்! விமானிகள் இன்றும் கடல் மைலை விடாததற்குக் காரணம் இந்த வசதிதான்.

பூமி இந்தக் கணக்கிலும் சிறிது விளையாடுகிறது. அது துருவங்களில் சற்றுத் தட்டை. அதனால் ஒரு கலையின் நீளம் நிலநடுக்கோட்டில் 1,843 மீட்டர், துருவத்தில் 1,862 மீட்டர். நம் கோடு நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பதால், உண்மைத் தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் குறைவு.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கடக்க 48 நிமிடம் போதும். பயணச்சீட்டிலோ ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கடிகார வித்தியாசம் காரணமில்லை. 2006 முதல் இரு நாடுகளுக்கும் ஒரே நேரம். சீட்டு கணக்கிடுவது பறக்கும் நேரத்தை மட்டுமல்ல: புறப்படும் இடத்தில் சக்கரத்தின் முட்டுக்கட்டையை எடுப்பதிலிருந்து, சேரும் இடத்தில் மறுபடி வைப்பது வரை.

வானத்திலும் முழு வேகம் கொஞ்ச நேரம்தான். 10 கிலோமீட்டருக்கு மேல் ஏறிச் சமநிலைக்கு வரவே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் ஆகும். அதற்குள் மன்னார் வந்துவிடும். இறங்கவும் ஏறக்குறைய அதே தூரம் வேண்டும். நடுவில் மிஞ்சுவது 250 கிலோமீட்டர் போல.

அங்கே காற்று காத்திருக்கிறது. ஆடி மாதத்தில் மன்னார்க் கடல்மீது சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். 10 கிலோமீட்டர் உயரத்திலோ காற்று கிழக்கிலிருந்து வரும். குறுக்கு நீரோட்டத்தில் படகின் அணியத்தை ஓட்டத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பிப் பிடிப்பதுபோல, விமானமும் மூக்கைக் கிழக்கே சாய்த்துக்கொண்டே நேர் வடக்கே நகர்கிறது.

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு 350 கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்தப் பயணத்துக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம். அங்கே பறக்கும் ஏடிஆர் சுழலி விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு என்பது பாதிக் காரணம். ஓடுபாதைக்கு ஊர்வதும், ஏறுவதும், இறங்க முறை பார்ப்பதும் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை என்பது மீதிக் காரணம்.