பிடுங்குமுன் பெயர் அறிக

தில்லியில் மழைக்காலம் ஓய்ந்ததும் விடுதிகளின் பின்புறத்தைச் சென்று பாருங்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த நிலமெல்லாம் ஒரு குட்டிக் காடாகியிருக்கும். “அத்தனையும் களை; வெட்டி எறியுங்கள்” என்பதே அங்கு எழும் முதற்குரல். அக்காட்டில் தலைமுறைகளுக்கு நிழல் தரவல்ல வேம்பு இருக்கலாம். சுவரைப் பிளக்கும் அரசு இருக்கலாம். அக்கம்பக்கத்துச் செடிகளை நெருக்கி அழிக்கும் சீமைக் கருவேலும் இருக்கலாம். சாணுயரத்தில் எல்லாம் வெறும் பச்சைச் செடிகளே. எனினும் தீர்ப்புக் கூறவேண்டிய பருவமும் அதுவே. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு மீட்டர் உயரமும், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் குறுக்களவும் எய்திவிட்டால் அது ‘மரம்’. அனுமதியின்றி வெட்டுவது குற்றம். ஆகவே கன்றிலேயே இனங்காணக் கற்போம்.

முதலில் முளையைப் பாருங்கள். வித்திலை ஒன்றா, இரண்டா? ஒற்றை வித்திலையுடன் புல்போல் நீள்வது ஈச்சங்கன்றாகவும் இருக்கலாம். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் பகுத்தார். பனையும் தெங்கும் அவ்வகையில் புல்லினமே. இன்றைய தாவர நூலாரும் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்களில் சேர்ப்பது கருதத்தக்கது.

அடுத்து, இலை எது, சிற்றிலை எது என்று தெளிதல் வேண்டும். காம்பு தண்டைச் சேரும் மூலையில் சிறு மொட்டு இருந்தால் அது முழு இலை. மொட்டு இல்லையெனில் அது கூட்டிலையின் ஓர் உறுப்பே. இச்சிறு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

இனி, நம்மவர் பெரிதும் ஏமாறும் இரட்டையருக்கு வருவோம். வடநாட்டில் ‘பகாயன்’ எனப்படும் மரம் வேம்பின் சாயலுடையது. நம்மூர் மலைவேம்புக்கு நெருங்கிய உறவு. வேம்பிலையில் ஒரே நடுக்காம்பு. அதன் இருபுறமும் அரிவாள்போல் வளைந்த சிற்றிலைகள். பகாயனிலோ நடுக்காம்பு கிளைத்து, அக்கிளைகளில் சிற்றிலைகள் அமைந்திருக்கும். வேம்பின் பூ வெண்மை. பகாயன் பூ இளஊதா. குளிர்காலத்தில் இலையுதிர்ந்த கொம்பில் மஞ்சட் காய்கள் கொத்துக்கொத்தாய்த் தொங்கினால் அது பகாயனே. அக்காய் மனிதர்க்கு நஞ்சு. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ தேடி அலையும் நண்பர்கள் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நன்று.

மூன்றாவது, மயிலிறகுபோல் நுண்ணிலை கொண்ட கூட்டம். முள்ளே இல்லையெனில் அது பெரும்பாலும் சூபாபுல். அதன் பூ வெள்ளை உருண்டை. முள் இருந்தால் நடுக்காம்பின் கிளைகளை எண்ணுங்கள். ஓரிரு இணைகளே இருப்பின் சீமைக் கருவேல். மூன்றுக்குக் குறையாதிருப்பின் நாட்டுக் கருவேலாகலாம். ஐயமிருந்தால் அருகிலுள்ள தாய்மரத்தை நோக்குக. சீமைக் கருவேலுக்குக் கதிர்போல் நீண்ட பூங்கொத்து. நாட்டுக் கருவேலுக்கு மஞ்சள் உருண்டைப் பூவும், மணி கோத்தாற்போன்ற காயும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேல், நம் பல்கலைக்கழகத்தை அடுத்த ரிட்ஜ் காட்டையும் இராமநாதபுரத்துக் கண்மாய்களையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்; கன்றிலேயே வேரோடு களைவதே வழி.

நான்காவது, சுவரிடுக்கில் முளைத்த செடி. இலையைக் கிள்ளினால் பால் வடிந்து, கணுதோறும் தண்டைச் சுற்றி வளையத் தழும்பும் காணப்பட்டால், அது ஆல், அரசு, அத்தி இனத்தது. இலைநுனி வால்போல் நீண்டிருந்தால் அரசு. வேர் பருக்குமுன் பெயர்த்து வெளியிடத்தில் நடலாம்.

செடி நிற்கும் இடமும் சான்று கூறும். மின்கம்பியின் கீழும் மதிலோரத்திலும் முளைப்பவை பெரும்பாலும் பறவை விதைத்தவை: வேம்பு, அரசு, முசுக்கட்டை. திறந்த வெளியில் பெருமரம் போன்றவற்றின் இறகுள்ள காய்களைக் காற்று விதைக்கும். கருவேல் விதை ஆடுமாடுகளின் சாணத்தோடு வரும்.

ஓர் எச்சரிக்கை: இளங்கன்றின் முதலிலைகள் முதிர்ந்த மரத்தின் இலைகளை ஒத்திரா. வேப்பங்கன்றின் முதலிலைகளில் மும்மூன்று சிற்றிலைகளே உண்டு. எனவே ஓர் இலையைக் கண்டு முடிவு கட்டற்க. ஐயமுள்ள கன்றில் ஒரு நூலைக் கட்டிவிட்டு, மாதம் ஒருமுறை பாருங்கள். தோட்டக்காரரிடம் இந்திப் பெயரைக் கேட்டு, அருகே தமிழ்ப் பெயரையும் குறித்து வையுங்கள். நாம் இங்கே தங்குவது சில ஆண்டுகள். நாம் விட்டுவைக்கும் வேம்போ நமக்குப்பின் வருவோர்க்கும் நிழல் தரும்.