மிதிவண்டியில் உலகை வலம் வந்தோர்

மிதிவண்டி என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது பள்ளி செல்லும் சிறுவனும் பால் கொணரும் பெரியவருமே. கடைத்தெருவுக்குச் சென்று வர உதவும் எளிய ஊர்தி என்று கருதி அதனை மறந்துவிடுகிறோம். ஆயினும் அவ்வெளிய ஊர்தியின் துணைகொண்டே பாலையும் பனிமலையும் கடந்து உலகை வலம் வந்த இந்திய இளைஞர் உண்டு.

இந்நாளில் விடியற்காலையில் சைனிக்புரி வீதிகளில் தலைக்கவசம் அணிந்து மிதிவண்டியில் விரையும் இளைஞரைக் காண்கிறோம். "நூறு கிலோமீட்டர் சென்று வருகிறேன், அம்மா" என்று பிள்ளை சொல்ல, "எதற்கப்பா இந்த வீண் வேலை?" என்று தாய் கலங்குவது நம் இல்லங்களில் புதிதன்று. இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதனை ஆராயுமுன் பழைய வரலாறு ஒன்றைக் காண்போம்.

பம்பாயின் அறுவர்

1923ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பம்பாய் நகரிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டியில் உலகப் பயணம் புறப்பட்டனர். ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா, குஸ்தாத் ஹாதிராம், கேகி போச்கானாவாலா, நரிமான் கபாடியா என்பன அவர்தம் பெயர்கள். யாவரும் பம்பாய்ப் பளுதூக்கும் கழகத்தினர். இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆனவர்கள்.

பஞ்சாபையும் பலூசிஸ்தானத்தையும் கடந்து பாரசீகம் புகுந்தனர். பாக்தாதிலிருந்து சிரியாவின் அலெப்போ வரை விரிந்த பாலைவனமே அவர்களை மிகவும் வருத்தியது. 956 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க 23 நாட்கள் ஆயின. கணக்கிட்டால் நாள் ஒன்றுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு! நம் பகுதியிலிருந்து புவனகிரிக் கோட்டை வரை செல்லும் தொலைவுதான் அது. நல்ல சாலையில் ஒரு காலைப் பொழுதில் முடியக்கூடியது. மணற்காற்றும் நீர்த் தட்டுப்பாடும் கிழியும் டயர்களும் அத்தொலைவை ஒரு நாளின் முழு உழைப்பாக ஆக்கிவிட்டன. பாதையற்ற நாட்டில் வேகத்திற்கு மதிப்பில்லை, பொறுமைக்கே மதிப்பு.

பின்னர் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கண்டனர். ஜப்பான், கொரியா, சீனம், இந்தோசீனம், சயாம், பர்மா வழியாகத் தாயகம் மீண்டனர். 1928ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பம்பாய் வந்து சேர்ந்தபோது அவர்கள் கடந்திருந்த தொலைவு ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர்.

ஆனால் வந்து சேர்ந்தவர் மூவரே. நரிமான் சொந்தக் காரணங்களால் பாரசீகத்திலிருந்தே திரும்பினார். கேகி அமெரிக்காவிலிருந்து மீண்டார். குஸ்தாத் அந்நாட்டிலேயே தங்கிவிட்டார். ஹக்கீம், பாப்பசோலா, பும்காரா ஆகிய மூவரும் எழுதிய பயண நூல் 1931இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கியவர் ஜவாஹர்லால் நேரு.

ஆடவர்க்கு மட்டும் உரிய துறையோ இது என்று ஐயுறுவோர் டெர்வ்லா மர்ஃபி என்னும் அயர்லாந்துப் பெண்மணியை எண்ணிப் பார்க்கலாம். 1963இல், கடுங்குளிர் காலத்தில் புறப்பட்டு, பாரசீகம், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான் வழியே தனியராக மிதிவண்டியில் தில்லி வந்து சேர்ந்தார் அவர்.

நம் அருகிலுள்ள காடு

தொலைநாடுகள் இருக்கட்டும். ஐதராபாத்திலிருந்து தெற்கே ஸ்ரீசைலம் செல்லும் சாலையே ஒரு பெரும் பயணத்திற்கு இடந்தருவது. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருப்பருப்பதம் இதுவே. இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அவ்வழி கல்வகுர்த்தி, திண்டி ஆகிய ஊர்களைக் கடந்து மன்னனூரில் நல்லமலைக் காட்டினுள் நுழைகிறது. அங்கிருந்து தோமலபெண்டா வரை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் அம்ராபாத் புலிகள் காப்பகத்தின் நடுவே செல்ல வேண்டும். காட்டில் வாழும் செஞ்சு மக்கள் தம் சிற்றூர்களைப் 'பெண்டா' என்று வழங்குவர். வழியிலுள்ள ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் ஒலிக்கிறது. காரில் இரண்டு மணி நேரத்தில் இதனைக் கடப்பவர்க்கு இப்பெயர்கள் பலகையில் தோன்றி மறையும் எழுத்துக்களே. மிதிவண்டியில் செல்பவரோ அவ்வூரில் இறங்கித் தண்ணீர் கேட்கிறார். நாலு சொல் தெலுங்கில் பேசுகிறார். பிழைப்பை நாடிப் பிறநாட்டில் குடியேறிய நமக்கு, நாம் வாழும் நாட்டை அறிய இதனினும் நல்ல வழி வேறென்ன?

அச்சமும் எச்சரிக்கையும்

பெற்றோர் அச்சம் பொருளற்றதன்று. எனினும் காட்டுப் புலியினும் நெடுஞ்சாலையின் லாரியே அஞ்சத்தக்கது. ஆகவே பின்வருவனவற்றைப் பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பயிற்சி. முப்பது, அறுபது, நூறு என்று படிப்படியாகத் தொலைவைக் கூட்ட வேண்டும். நீள்தொலைவுச் சவாரிகளை முறைப்படி நடத்தும் அமைப்புகள் ஐதராபாத்திலேயே உள்ளன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300ஐ 20 மணியிலும், 400ஐ 27 மணியிலும், 600ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டுமென்பது அவற்றின் விதி. இது போட்டியன்று, முதல்வர், கடையர் என்ற வேறுபாடு அங்கில்லை.

இரண்டாவது, கருவிகள். மாற்று டியூப், ஒட்டுப்போடும் பொருள், காற்றடிக்கும் பம்பு, முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேலாடை, போதிய குடிநீர் ஆகியவை இன்றிப் புறப்படலாகாது. பஞ்சர் ஒட்டத் தாமே பழகியிருத்தல் வேண்டும்; காட்டு நடுவே கடை கிடையாது.

மூன்றாவது, காட்டு ஒழுங்கு. ஸ்ரீசைலக் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்கு மூடப்படும். பகலில், கூட்டமாக, சாலையை விட்டு விலகாமல் செல்ல வேண்டும். புறப்படுமுன் வனத்துறையினரிடம் நிலைமையைக் கேட்டறிதல் நலம்.

நான்காவதே தலையாயது: முடியாதபோது திரும்பிவிட வேண்டும். பம்பாய் அறுவருள் மூவர் இடையில் விலகினர்; அதனால் அவர்தம் துணிவு குறைந்துவிடவில்லை. வெயிலில் தலை சுற்றும்போதும், இருட்டு நெருங்கும்போதும், பேருந்தின் மேல் வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்பவனே அடுத்த பயணத்திற்கு உரியவன்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளை புறப்படுகிறேன் என்னும்போது உடனே தடுக்காதீர்கள். எந்த வழி, யாருடன், எப்போது திரும்புவாய் என்று கேளுங்கள். இளைஞர்களே, அம்மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வழியில் இருமுறையேனும் வீட்டிற்குச் செய்தி சொல்லுங்கள். அந்த ஒப்பந்தம் இருபாலும் காக்கப்படுமாயின், நம் இல்லங்களிலிருந்தும் நெடுவழிப் பயணிகள் தோன்றுவர் என்பதில் ஐயமில்லை.